இருக்கையும் தோளும்

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கி நெடுஞ்சாலையில் வருவோர் அமரவிளையைக் கடந்து, பாறசாலையைத் தொட்டு, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளையை அடைவர். இப்பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் ‘விளை’ என்னும் சொல்லை நம் பிள்ளைகள் பலர் பொருள் அறியாமலே உச்சரிக்கின்றனர். விளை என்பது நீர் நிற்கும் வயலன்று, மேட்டுப்பாங்கான தோட்டநிலம். தென்னை, வாழை, பலா, மரவள்ளி, மிளகு, ரப்பர் ஆகியவை அங்கே ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு இடையே விழுந்ததேயன்றி, மண் மாறவில்லை. இருபுறமும் அதே செம்மண், அதே சரிவு, படிப்படியாக வெட்டிய அதே தட்டுகள்.

அத்தகைய விளையொன்று நமக்கும் பாறசாலைக்கு அருகே உண்டு. நாம் மும்பைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. விளை அங்கே இருக்கிறது. அதன் உரிமைப் பத்திரம் இங்கே நம் பெட்டியில் இருக்கிறது. இந்நிலை நம் சங்க அன்பர்கள் பலருக்கும் பொதுவானதே. ஆதலின், நமக்கு நேர்ந்த ஒன்றை வெட்கத்தோடு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

2023ஆம் ஆண்டு வேனிலில் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் வாழும் நம் தங்கையின் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கியிருந்தோம். வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர் புல்வெளி. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்தாற்போல் தோன்றும். நடந்து பார்த்தாலோ கால் இடறும். நெருப்பெறும்புகள் எழுப்பிய மண்மேடுகளும், மழைநீர் அரித்த பள்ளங்களும், பழைய மரங்களின் வேர்களும் எங்கும் நிறைந்திருந்தன. மைத்துனரின் பழைய புல்வெட்டும் வண்டி அந்நிலத்தில் ஓடும்போது மாட்டுவண்டியைப் போல் குலுங்கும். அவருக்கோ முன்பே இடுப்புவலி. புதிய வண்டி வாங்குவதென முடிவாயிற்று. நாமும் உடன் சென்றோம்.

அங்கே பெரிய புல்வெளியுடையோர் விரும்பி வாங்குவது ‘ஜீரோ டர்ன்’ என்னும் வகை. 1960களில் கான்சாஸ் மாநிலத்து ஜான் ரெஜியர் என்பவர் உருவாக்கிய இயந்திரத்தின் வழிவந்தது அது. பின்சக்கரம் இரண்டும் தனித்தனியே இயங்கும். இரு கைப்பிடிகளால் அவற்றை ஆளலாம். ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரம் போல் திரும்பும். 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகருக்கு அருகே எட்வின் படிங் என்பார், ஆலையில் துணியின் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் பொறியைக் கண்டு முதல் புல்வெட்டியை அமைத்தார் என்பது வரலாறு. அவர் தள்ளுவதற்குச் செய்தார். இவர்கள் அமர்ந்து செல்லச் செய்தனர்.

மேடுபள்ளமான நிலத்துக்கு எவ்வண்டி இதமானது? கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். இயந்திரத்தின் வலிமையைப் பார்க்கும் முன் இருக்கையைப் பாருங்கள் என்றார். அடியில் வில் அமைந்த இருக்கை குலுக்கலை ஓரளவு விழுங்கும். அமர்வோரின் எடைக்கேற்ப அவ்வில்லைத் திருகி இறுக்கவோ தளர்த்தவோ இயல வேண்டும். முதுகு உயரமாகவும் கைதாங்கி உடையதாகவும் இருத்தல் நன்று. சில வண்டிகளில் சக்கரங்களுக்கும் சட்டத்துக்கும் இடையிலேயே வில்லமைப்பு உண்டு. விலை மிகுதியாயினும் கரடான நிலத்துக்கு அதுவே சிறந்தது. பெரிய சக்கரம் சிறு பள்ளத்தில் விழாது கடக்கும். டயரில் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் காற்றடைத்தால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். கவிழ்ந்தால் காக்கும் வளைகம்பியும் இடுப்புவாரும் இன்றியமையாதவை. சரிவு பதினைந்து பாகைக்கு மேற்பட்டால் பெரும்பாலான வண்டிகள் ஏறலாகாது. இவை யாவும் சொல்லிவிட்டு, “விரைவைக் குறையுங்கள், பள்ளங்களை மண்ணிட்டு நிரப்புங்கள், எந்த இருக்கையும் அதற்கு ஈடாகாது” என்றும் கூறினார்.

மைத்துனர் ஐந்து வண்டிகளில் ஏறியிறங்கினார். அவருடைய எடை என்ன, உயரம் என்ன, வலி எந்த இடத்தில் என்றெல்லாம் கடைக்காரர் கேட்டார். இரண்டு மணி நேரம் கழிந்தது. ஒரு மனிதனின் இடுப்புக்காக இத்துணை ஆராய்ச்சியா என்று நாம் உள்ளூர நகைத்தோம். அந்த நகைப்பு சில திங்களே நிலைத்தது.

அவ்வாண்டு ஐப்பசியில் ஊருக்குச் சென்றோம். துலாவருஷம் தொடங்கிவிட்டது. இடவப்பாதி மழையில் ஒருமுறையும் துலாமழையில் மறுமுறையும் காடு தலைதூக்குவது நம் விளைகளின் இயல்பு. தொட்டாற்சுருங்கியும் கொடிகளும் முழங்காலுக்கு மேல் வளர்ந்து, விழுந்த தேங்காயையும் மறைத்துவிடும், பாம்பையும் மறைத்துவிடும். அவற்றை ஆண்டாண்டாக வெட்டி வருபவர் நம்மைவிட ஆறு வயது மூத்த ஓர் அண்ணன். உறவுமுறையால் அண்ணன் அல்லர். சிறுவயதில் நம்மைத் தோளில் சுமந்து குளத்துக்கு அழைத்துச் சென்றவர் என்பதால் அண்ணன்.

ஜார்ஜியாவில் எடுத்த படத்தை அவருக்குக் காட்டினோம். நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“இருந்துகொண்டே வெட்டலாமோ, தம்பி?”

“ஆமாம் அண்ணா. ஆனால் நம் விளையில் இது ஓடாது. தட்டுக்குத் தட்டு எப்படி ஏறும்?”

“அது சரிதான். நமக்குத் தோள் உண்டே” என்று சிரித்தார்.

அப்போது தேநீர் வந்தது. குவளையை அவர் வலக்கையால் எடுக்கவில்லை. இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே அணைத்து எடுத்தார். பின்னர்ச் சட்டை அணியும்போது பொத்தானை மாட்ட இயலாமல் விரல்கள் தடுமாறின. பேரப்பிள்ளை ஓடி வந்து மாட்டிவிட்டது. அது அவ்வீட்டில் அன்றாட வழக்கம் என்பது அக்குழந்தை ஓடிவந்த விதத்திலேயே தெரிந்தது. கேட்டோம். “இரண்டு வருடமாக விரல் மரத்துப்போகிறது. இரவில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். வயதாயிற்று அல்லவா?” என்றார்.

வயது மட்டும் அன்று. திண்ணையோரம் சாய்த்து வைத்திருந்த ‘பிரஷ் கட்டர்’ நம் கண்ணில் பட்டது. 2017இல் நாம் வாங்கிக் கொடுத்தது அது. வாங்கிய விதத்தை நினைத்தோம். மும்பையிலிருந்து தொலைபேசியில் ஒரு கடைக்குப் பேசினோம், விலை கேட்டோம், குறைந்த விலையுள்ளதை அனுப்பச் சொன்னோம். ஐந்து நிமிடம். அதைச் சுமக்கப் போகும் மனிதரின் எடை, உயரம், வயது ஆகிய ஒன்றையும் நாம் சொல்லவில்லை. ஒரே தோளில் மாட்டும் ஒற்றை வார். பிடிகளில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அலகின் ஒரு பல் கல்லில் பட்டு முறிந்திருந்தது. முடுக்கிக் கையில் பிடித்தோம். கால்மணி நேரத்தில் கீழே வைத்துவிட்டோம். இறக்கி வைத்த பின்னும் விரல்களில் அதிர்வு நின்றபாடில்லை. அண்ணன் அதனோடு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் நின்றிருக்கிறார். நம் விளையில் மட்டுமன்று, அயலார் விளைகளிலும் கூலிக்கு.

கை அதிர்வால் வரும் இந்நோய் புதியதன்று. 1918ஆம் ஆண்டிலேயே ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க மருத்துவ அம்மையார் இந்தியானா மாநிலத்துப் பெட்போர்டில் காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கும் தொழிலாளரை ஆராய்ந்து, அவர்களுடைய விரல்கள் குளிரில் வெளுத்து உணர்விழப்பதை எழுதிவைத்தார். குளிர்நாட்டில் விரல் வெளுப்பதால் நோய் கண்ணுக்குத் தெரிகிறது. நம் ஊரின் வெம்மையில் விரல் வெளுப்பது அரிது. மரத்துப்போதலும் கூச்சமும் பிடியின் தளர்ச்சியுமே தெரியும். ஆகவே அதனை முதுமை என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இயற்றிய நெறிமுறையொன்று, எட்டுமணி நேர வேலைக்கு, கையில் ஏறும் அதிர்வு வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டர் என்னும் அளவை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது என்றும் வரையறுத்தது. இதில் மனத்திற்கொள்ள வேண்டிய கணக்கொன்று உண்டு. அதிர்வு இரு மடங்கானால் வேலை நேரம் பாதியாவதன்று. கால் பங்காக வேண்டும். 5 மீட்டர் அதிரும் கருவியில் இரண்டு மணி நேரத்திலேயே முதல் எல்லை வந்துவிடும். 10 மீட்டர் அதிரும் கருவியிலோ அரைமணி நேரத்தில் முதல் எல்லையும், இரண்டு மணி நேரத்தில் இறுதி எல்லையும் வந்துவிடும். ஆறு மணி நேரம் என்பது எந்தக் கணக்கில் அடங்கும்?

மறுநாள் அண்ணனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நரம்பு தளர்ந்திருக்கிறது, அக்கருவியை உடனே நிறுத்த வேண்டும், போன உணர்வு முழுவதும் மீளும் என்று உறுதி கூறுவதற்கில்லை என்றார். திரும்பும் வழியில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வீட்டை நெருங்கியபோது மட்டும், “அப்படியானால் விளையை யார் பார்ப்பார்கள்?” என்றார். தம் கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நாம் தலைகுனிந்தோம்.

அவருடைய மகனுக்கு வயது முப்பது. இனி அவனே வெட்டுவதென்று ஏற்பாடாயிற்று. இம்முறை தொலைபேசியில் வாங்கவில்லை. தந்தையும் மகனுமாக நாங்கள் மூவரும் நெய்யாற்றின்கரைக்குச் சென்று, ஜார்ஜியாவில் கற்றதைத் தோளுக்கு மாற்றிப் பொருத்திப் பார்த்தோம். அங்கே இருக்கை என்றால் இங்கே வார். இரு தோள்களிலும் இடுப்பிலும் எடையைப் பகிரும் இரட்டை வார் வேண்டும். மாட்டிக்கொண்டு கையை எடுத்தால் அலகு நிலத்துக்குச் சற்று மேலே தானாக நிற்க வேண்டும். தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ எடை சரியாகப் பகிரப்படவில்லை. பொறிக்கும் குழலுக்கும் இடையே அதிர்வு தாங்கும் ரப்பர் உள்ளதா என்று பார்க்க வேண்டும். விளக்கக் கையேட்டில் இடப்பிடி, வலப்பிடி ஆகியவற்றின் அதிர்வளவு தனித்தனியே அச்சிட்டிருந்தால் இரு கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சமநிலத்தில் இருபுறமும் விரிந்த பிடி நன்று. சரிவிலும் மர நெருக்கத்திலும் வளையப்பிடி எளிது. தட்டுகளில் ஏறியிறங்குவோர்க்குப் பொறியை முதுகில் சுமக்கும் வகையும் உண்டு. மகன் ஐந்து கருவிகளை மாட்டி, கடையின் பின்புறத்து முற்றத்தில் நடந்து பார்த்தான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அம்முறை நாம் நகைக்கவில்லை.

இளம்புல்லுக்கு நைலான் இழை போதும். 1971இல் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைக் கண்டு, ஒரு தகரக் குவளையில் மீன்தூண்டில் இழையைக் கோத்துச் செய்து பார்த்ததே இதன் தொடக்கம். தடித்த புதருக்கு மூன்று பல் அலகு வேண்டும். மழுங்கியதோ முறிந்ததோ ஆன அலகு சமனிழந்து அதிர்வைப் பெருக்கும், உடனே மாற்றுக. கண்ணாடி, காதுறை, கையுறை, முழங்கால் வரை காக்கும் காலணி ஆகியவை அணிகலன் அல்ல. கல் தெறிக்கும்; ஆகவே பதினைந்து மீட்டருக்குள் வேறெவரும் நிற்கலாகாது. மழைக்காலச் சேற்றில் வெறுங்காலோடு இறங்குவோர்க்கு எலிக்காய்ச்சலும் காத்திருக்கிறது.

விலையை எண்ணித் தயங்குவோர் அவரவர் ஊர்க் கிருஷி பவனில் கேட்கலாம். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் சிறு, குறு உழவர்க்கு 50 விழுக்காடு வரையும் ஏனையோர்க்கு 40 விழுக்காடு வரையும் மானியம் வழங்கும் வழிவகை ஏற்பட்டது.

கருவியை வாங்கியதோடு கடமை முடியவில்லை. மகன் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதைத் தோளில் ஏற்றலாகாது. இடையிடையே இறக்கிவைத்து வேறு வேலை பார்க்க வேண்டும். கூலியோ முழுநாளுக்கு உரியதே என்று சொன்னோம். அண்ணன் ஒப்பவில்லை. “பாதி வேலைக்கு முழுக் கூலி வாங்கினால் ஊரார் என்ன சொல்வார்கள், தம்பி?” என்றார். “ஆறு ஆண்டு முழு வேலைக்குப் பாதிக் கருவி கொடுத்தோமே, அதற்கு ஊரார் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. அக்கூலியை இன்றும் முழு மனத்தோடு அவர் ஏற்பதில்லை. நாம் அனுப்புவதை நிறுத்தவும் இல்லை.

அன்பர்களே! நம்மில் பலருக்கு ஊரில் விளை உண்டு. அதைக் காப்பவர் ஒருவரும் உண்டு. திங்கள்தோறும் தொலைபேசியில் தேங்காய் எத்தனை, ரப்பர் ஷீட்டு என்ன விலை, காடு வெட்டியாயிற்றா என்று கேட்கிறோம். அடுத்தமுறை கேட்கும்போது, எந்தக் கருவியால் வெட்டுகிறார், எத்தனை மணி நேரம் வெட்டுகிறார், இரவில் விரல் மரத்துப்போகிறதா என்பதையும் கேளுங்கள். தொடக்கத்திலேயே நிறுத்தினால் கை மீளும். தாமதித்தால் மீளாமலும் போகும். நாம் கேட்க ஆறு ஆண்டுகள் பிந்தினோம்.

சென்ற சித்திரையில் மீண்டும் ஊருக்குப் போயிருந்தோம். விளை துப்புரவாக இருந்தது. அண்ணன் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை பள்ளிக்குப் போயிருந்தது. சட்டையின் மேற்பொத்தான் ஒன்று மாட்டப்படாமல் இருந்தது. அவர் கேட்கவில்லை, நாமே அருகே சென்று மாட்டிவிட்டோம்.