பழைய நேரம், புதிய நேரம், பழைய கோப்பு

1996இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றியபோது, மே 25ஆம் திகதி இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணியோ 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்ற கேள்வி அந்தப் பத்தாண்டும் நம் பேச்சில் இருந்தது. தை, மாசியில் பதுளையில் சூரியன் உதிக்க ஏழு மணியாகிவிடும். பெரட்டுக்களத்துக்குப் போகும் தாய்மாரும் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளும் இருட்டிலேயே லயத்தை விட்டு இறங்கினார்கள்.

சுவர்க் கடிகாரத்தைத் திருப்பக் கை போதும். கணினியின் கதை வேறு. லினக்ஸில் நாடுகளின் நேர விதிகள் 'டிஇசட்டேட்டா' என்ற பொதியில் உள்ளன. 2006இன் மாற்றமும் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் இயந்திரம் பார்ப்பது 'ஈடிசி' அடைவிலுள்ள 'லோக்கல்டைம்' கோப்பை. அது பொதியிலுள்ள கொழும்புக் கோப்பைச் சுட்டும் இணைப்பாக இருந்தால் மாற்றம் தானாக வந்துசேரும். எவரேனும் கையால் நகலெடுத்து வைத்திருந்தால், பொதி புதிதாகியும் நகல் பழையதாகவே நிற்கக்கூடும்.

அரை மணி பெரிதா என்று கேட்கலாம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியபோது, பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினார்கள். எச்சரிக்கை எப்போது அனுப்பப்பட்டது, செய்தி எப்போது வந்தது என்பதற்குக் கணினி பதியும் நேரமே பின்னர் சாட்சி. செய்தித் தொழிலில் இருப்பவனுக்கு அது சிறிய விடயமன்று.

நேரத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று இது. நாம் கைவைத்த அமைவுக் கோப்பொன்றுக்குப் புதிய பதிப்பு வரும்போது, டெபியனும் உபுண்டுவும் எது வேண்டும் என்று கேட்கும். நம்முடையதை வைத்துக்கொண்டால் புதியது '.டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடும், புதியதை ஏற்றால் பழையது '.டிபிகேஜி-ஓல்ட்' என்ற வாலோடும் அருகே கிடக்கும். ரெட் ஹட் குடும்பம் கேட்பதில்லை, '.ஆர்பிஎம்நியூ' அல்லது '.ஆர்பிஎம்சேவ்' என்று விட்டுச்செல்லும். ஆர்ச் லினக்ஸில் அது '.பேக்நியூ'. கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியும். ஏன் மாற்றப்பட்டது என்பது தெரியாது. ஆகவே தீர்ப்பை நம்மிடம் விடுகிறது. நாம் பாராமல் இருந்தால், பாதுகாப்புக்காகத் திருத்தப்பட்ட விதி பக்கத்திலேயே உறங்க, பழைய விதி ஆட்சி செய்யும்.

நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. மேம்படுத்தல் முடிந்ததும் 'ஃபைண்ட்' கட்டளையால் இந்த வால்களைத் தேடுவேன். 'டிஃப்' கொண்டு இரு கோப்புகளையும் ஒப்பிட்டு, எனக்கு இன்னும் தேவையான வரிகளை மட்டும் புதியதில் சேர்ப்பேன். சேவை சரியாக இயங்குகிறதா என்று பார்த்த பின்பே எஞ்சியதை அழிப்பேன். பொதியை 'ரிமூவ்' செய்தாலும் அமைவுக் கோப்பு தங்கிவிடும். அதையும் நீக்க 'பர்ஜ்' வேண்டும்.

மின்பற்றாக்குறைக்காக வந்த நேரம், அந்த வரட்சி நீங்கிய பின்னும் ஆண்டுக்கணக்கில் தங்கியது. கோப்புகளிலும் காரணம் போன பின் மாற்றம் தங்கிவிடுகிறது. எனவே, மாற்றும் ஒவ்வொரு வரிக்கும் மேலே திகதியையும் காரணத்தையும் ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள். நாளை அந்தக் கணினியின் முன் அமர்பவர், எதை வைப்பது, எதை விடுவது என்று அதைப் படித்தே முடிவு செய்வார்.