கரோல் பாக் பெட்டிப் புராணம்

டில்லிக்குப் போகும் நம்மவர்கள் குதுப்மினாரைப் பார்க்கிறார்கள், செங்கோட்டையைப் பார்க்கிறார்கள், பர்ஸில் ஏதாவது மிச்சமிருந்தால் கரோல் பாக் அஜ்மல்கான் ரோடில் அதையும் தீர்த்துவிட்டு ரயில் ஏறுகிறார்கள். அந்த ஜவுளிக் கடைகளுக்குச் சற்றுத் தள்ளி நாயீவாலா என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அங்கே சந்து சந்தாக மோட்டார் சைக்கிள் சாமான்தான். சைலன்ஸர்கள் வாழைத்தார் மாதிரி தொங்குகின்றன. ஹாண்டில்பார்கள் முருங்கைக்காய்க் கட்டு மாதிரி மூலையில் சாய்ந்திருக்கின்றன. நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சர்தார்ஜி ஒருவர் லஸ்ஸி குடித்துக் கொண்டிருக்கிறார். 1947 பிரிவினைக்குப் பிறகு மேற்குப் பஞ்சாபிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்கள் பல, கரோல் பாக்கில் குடியேறி, கடை வைத்துத் தலையெடுத்தன. மூட்டை கட்டும் சங்கடம் இந்த இடத்துக்குப் புதிதல்ல.

மே, ஜூன் வந்துவிட்டால் இந்தச் சந்துகளுக்கு லடாக் ஜுரம் கண்டுவிடுகிறது. மணாலியிலிருந்து லே வரை மலை மேல் போகும் பாதை பனிக்காலம் முழுவதும் மூடிக் கிடந்து, கோடையில்தான் திறக்கும். திறந்த சேதி வந்ததும் தேசத்தின் நாலு மூலையிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் கிளம்புகின்றன. அவற்றின் பின்புறம் இரண்டு பக்கமும் முடுக்குவதற்கென்று ஓர் இரும்புச் சட்டம் செய்கிறார்கள். அதற்குப் பெயரே 'லடாக் கேரியர்'! திருப்பதி மொட்டை என்று நாம் சொல்வதில்லையா, அப்படி.

நான் அங்கே போனது என் சித்தி பெண்ணுக்குத் துணையாக. அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. சென்னையில் ஒரு பாங்கில் அதிகாரி. வண்டியை ரயிலில் ஏற்றி டில்லிக்கு அனுப்பிவிட்டு, கூடவே அத்தானையும் அழைத்து வந்திருந்தாள். வண்டி ஓட்டப் போகிறவள் அக்கா. பின்னால் உட்காரப் போகிறவர் அத்தான். நேயர்கள் இதைத் திருப்பிப் படித்துவிட வேண்டாம். அத்தானுக்கு சைக்கிளே தகராறு.

வண்டி நம் ஊர்ச் சரக்குதான். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு கம்பெனி ஏற்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது பலருக்குத் தெரியும். அக்காவின் ஹிமாலயன் அந்த வம்சத்தில் 2016-ல் பிறந்தது. பெட்ரோல் நிரப்பினால் ஏறக்குறைய 200 கிலோ. இந்த எண்ணைச் சற்று ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

நான் நண்பர் ஒருவருடைய ஜீப்பில் பின்னாலேயே போவதாக ஏற்பாடு. "சாமானை எல்லாம் ஜீப்பில் போட்டுவிடலாமே, அக்கா!" என்றேன்.

"உன் ஜீப்பில் என் கைக்குட்டைகூட ஏறக் கூடாது. அப்புறம் நான் எதற்கு வண்டியில் போகிறேன்?" என்று முடித்துவிட்டாள்.

ஆகவே பெட்டி வாங்கப் போனோம்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் என்ன கேட்டாலும் அத்தான் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "ஸாப், உங்கள் வண்டிக்கு அலுமினியப் பெட்டிதான் எடுப்பாக இருக்கும்" என்று ஆரம்பித்தார். அத்தான் பயபக்தியுடன் அக்காவைக் காட்டினார். கடைக்காரர் அக்காவைப் பார்த்து, "பாபிஜி, உட்காருங்கள். டீ வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அத்தானிடம் திரும்பிக் கொண்டார். "பெட்டி ஒன்று காலியாக எத்தனை கிலோ?" என்று அக்கா கேட்ட பிறகுதான் அவர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டார்.

அலுமினியப் பெட்டி பார்க்க ராஜாதான். மழை உள்ளே போகாது, பூட்டுப் போடலாம், கழற்றிக் கீழே வைத்தால் ஸ்டூலாகும், டீ மேஜையாகும். அடிபட்டு நெளிந்தால் கல்லால் தட்டி நிமிர்த்திக் கொள்ளலாம். பிளாஸ்டிக் பெட்டி நெளியாது, விரிசல் விடும். ஆனால் அது விலை குறைவு. பிளாஸ்டிக் பெட்டிகளில் உலகமெங்கும் பெயர் பெற்றது இத்தாலியின் கிவி. 1960-களில் பந்தய மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஜுஸெப்பே விஸென்ஸி என்பவர் 1978-ல் ஆரம்பித்த கம்பெனி அது. பெயரின் இரு முதலெழுத்துகளைச் சேர்த்துக் கம்பெனிக்கு வைத்துவிட்டார். பெட்டியைத் திறப்பதற்கும், வண்டியிலிருந்து கழற்றுவதற்கும் ஒரே சாவி என்பது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். சாவிக் கொத்தை இடுப்பில் செருகிப் பழகிய வம்சத்தில் வந்த நமக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

அலுமினியப் பெட்டியைத் தன் கையாலேயே செய்து கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லண்டனில் கட்டடக் கலை படித்த எல்ஸ்பெத் பியர்ட் என்பவர் 1982-ல், பழைய பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் ஒன்றில் தன்னந்தனியாக உலகம் சுற்றக் கிளம்பினார். வழியில் சிட்னியில் தங்கிக் கட்டடக் கலை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, அலுமினியத் தகட்டை மடித்து, ரிவெட் அடித்து, பூட்டுடன் பெட்டிகள் செய்து வண்டியில் மாட்டிக் கொண்டார். பினாங்கில் கப்பலேறி அவரும் வண்டியும் வந்து இறங்கிய துறைமுகம் எது தெரியுமா? நம்முடைய சென்னை! 1984-ல் லண்டன் திரும்பினார். தனியாகப் போகிறவளுக்குப் பூட்டு எத்தனை பெரிய தைரியம் என்பதை அந்தப் பெட்டிகள் சொல்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வாய் சாப்பிடப் போக வேண்டுமென்றாலும் காவலுக்கு ஆள் இல்லையே!

ஆனால் அக்கா தனியாகப் போகவில்லை. பின்னால் ஒரு ஆசாமி இருக்கிறார். அவருக்கு இரண்டு கால்கள் இருக்கின்றன. அவள் யோசனை முழுவதும் அந்தக் கால்களைப் பற்றித்தான்.

விஷயம் இதுதான். தார் ரோடில் வண்டி ஓடிக் கொண்டிருக்கும்வரை எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டியே. விழும்போதுதான் பெட்டிக்குப் பெட்டி குணம் மாறுகிறது. லே பாதையில் மலையருவிகள் சாலையின் குறுக்கே ஓடுகின்றன. பாலங்கள் வருஷத்துக்கு வருஷம் பெருகி வருகின்றன என்றாலும், உருண்டைக் கற்களின் மேல் தண்ணீரில் இறங்கிப் போக வேண்டிய இடங்கள் இன்னும் உண்டு. அங்கே ஓட்டுகிறவர் கால்களைத் தரையில் ஊன்றி ஊன்றித்தான் வண்டியை நகர்த்துவார். ஊன்றிய கால் கல்லில் சிக்கிப் பின்தங்கினால், வண்டி முன்னே போகும். பெட்டி வந்து கெண்டைக்காலில் இடிக்கும். வண்டியே சாய்ந்துவிட்டால் காலுக்கும் தரைக்கும் நடுவே அந்தப் பெட்டியின் விளிம்பு. இடிப்பது அலுமினியம் என்றால் எலும்புக்கு ஆபத்து. துணிப்பை என்றால் நசுங்கிக் கொடுக்கும்.

எடையும் இருக்கிறது. இரண்டு அலுமினியப் பெட்டி, அவற்றைத் தாங்கும் சட்டம் எல்லாம் சேர்ந்து, ஒரு ரவிக்கைத் துணிகூட உள்ளே வைக்காமலே 15 கிலோவை நெருங்குகிறது. கெட்டித் துணிப்பை ஜோடி ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிடும். பெட்டிகளை மாட்டினால் வண்டியின் பின்புறம் ஒரு மீட்டர் அகலத்துக்குப் போகிறது. எதிரே ராணுவ லாரி வரிசை வரும்போது அந்த ஒரு மீட்டர் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

"மேலே ஒரு பெட்டி வைத்தால் எனக்குச் சாய்ந்து கொள்ளச் சௌகரியமாக இருக்குமே!" என்று அத்தான் மெல்ல ஆரம்பித்தார். பின் ஸீட்டுக்கும் பின்னால் உயரத்தில் வைக்கும் பெட்டி அது. கடைக்காரரே அதை ஒப்புக் கொள்ளவில்லை. பின் சக்கரத்தின் அச்சுக்கும் அப்பால் பாரம் தொங்கினால், ஏற்றம் இறக்கம் விளையாட்டில் குழந்தை பின்னால் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி, முன் சக்கரம் லேசாகிவிடும், திருப்பினால் திரும்பாது. சாய மண்டபம் கட்டுவதற்கு இது இடமில்லை என்று தெரிந்து அத்தான் மௌனமானார். கனமான பொருள் எல்லாம் கீழே, சக்கரத்தை ஒட்டி. இரண்டு பக்கமும் சம எடை. சைலன்ஸர் இருக்கும் பக்கத்துப் பை அதன் சூட்டுக்குத் தள்ளி. அவ்வளவுதான் சாஸ்திரம்.

கடைசியில் நீர் புகாத துணிப்பை இரண்டு, பெட்ரோல் டாங்கின் மேல் வைக்கும் சின்னப் பை ஒன்று வாங்கினோம். பணம், மருந்து, காகிதங்கள் எல்லாம் அந்தச் சின்னப் பையில். இறங்கும்போது கையோடு எடுத்துக் கொண்டு போய்விடலாம். பூட்டுக்குப் பதில் அது.

அன்றிரவு லாட்ஜில் மூட்டை கட்டும் படலம் நடந்தது. சித்தி கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் எவர்சில்வர் டப்பாவில் இருந்தது. (அலுமினியப் பெட்டிக்குள் புளி சிந்தியிருந்தால் பெட்டிக்கும் ஆகாது, புளிக்கும் ஆகாது. பெட்டி தகட்டில் உராய்ந்து வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும் என்பதையும் கடைக்காரரே சொன்னார்.) அத்தானுக்கு மூன்று ஸ்வெட்டர். அது போதாதென்று தலையணை கனத்தில் ஒரு சரித்திரப் புத்தகம். "இது எதற்கு?" என்றாள் அக்கா. "ராத்திரி படிக்க." ஸ்வெட்டரில் ஒன்று வெளியே வந்தது, புத்தகம் உள்ளே போயிற்று. குடும்பம் என்பது இப்படித்தான் நடக்கிறது!

மணாலியைத் தாண்டியதும், 2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதைக்குள் புகுந்தோம். ஒன்பது கிலோமீட்டர். முன்பு ரோத்தாங் கணவாயில் அரை நாள் திண்டாடிய இடத்தைக் கொஞ்ச நேரத்தில் கடந்துவிட்டோம். ஜிஸ்பாவில் இரவு தங்கினோம். பனி உருக உருகப் பிற்பகலில் அருவிகளில் தண்ணீர் ஏறும். விடியற்காலையிலேயே தாண்டிவிட வேண்டும் என்பது அந்தப் பாதையின் விதி. ஆனால் மறுநாள் காலை மலைச்சரிவில் கல் விழுந்து போக்குவரத்து நின்றுவிட்டது. ஜிங்ஜிங்பாரைத் தாண்டி அருவிக் கரைக்கு நாங்கள் வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது.

ஜீப் முதலில் கடந்து அக்கரையில் நின்றது. அக்கா இறங்கினாள். பாதி தூரம் வந்தவள், முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறி வழுக்க, வண்டி இடது பக்கமாக மெதுவாக, மிக மெதுவாகச் சாய்வதைப் பார்த்தேன். அக்கா எழுந்துவிட்டாள். அத்தான் எழவில்லை. முழங்காலுக்குக் கீழே வண்டியின் அடியில் இருந்தது அவருடைய இடது கால். தண்ணீரோ பனிக்கட்டியின் தம்பி.

அந்த 200 கிலோவும் அதன் மேல் சாமானும், காற்று மெலிந்த அந்த உயரத்தில் எத்தனை கனக்கும் என்பதை அப்போது தெரிந்து கொண்டோம். நாங்கள் ஓடுவதற்குள் பின்னால் வந்த மலையாளத் தம்பதியும், ஒரு லாரி டிரைவரும் தண்ணீரில் குதித்துவிட்டார்கள். அக்கா வண்டியைத் தூக்க முயலவில்லை. முதலில் மேல் பக்கத்துப் பையின் வார்களைக் கழற்றி டிரைவரிடம் எறிந்தாள். பாரம் குறைந்ததும் ஐந்து பேராகத் தூக்கினோம். அத்தான் காலை உருவிக் கொண்டு எழுந்தார். கீழ்ப்பக்கத்துப் பை அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. அந்தப் பையின் மேலேதான் அவர் கால் இருந்திருக்கிறது. கணுக்காலில் ஒரு சிராய்ப்பு. முழங்காலில் நீலம் பாய்ந்த வீக்கம். அவ்வளவுதான்.

"கால் இருக்கிறதா?" என்றாள் அக்கா. குரல் நடுங்கியது.

"இருக்கிறது. புத்தகம்?" என்றார் அத்தான்.

மலையாளத் தம்பதியின் வண்டியில் அலுமினியப் பெட்டிகள். அவர்களும் காலையில் விழுந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் கால்களை விலக்கிக் கொண்டதால் தப்பித்தார். பெட்டியின் மூடி மட்டும் கோணிப் போய் மூடவில்லை. பாரலாச்சா கணவாய்க்கு அப்புறம் கூடாரக் கடையொன்றில் அதைத் திருப்பிப் போட்டுக் கல்லால் தட்டினார்கள். அரை மணியில் மூடியது. மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களாயிருந்தால் நானும் அந்தப் பெட்டியைத்தான் சிபாரிசு செய்வேன். நல்ல ரோடு, அடிக்கடி மழை, ஓட்டல் வாசலில் நிறுத்தம் என்றால் பூட்டும் மூடியும் உள்ள பெட்டிக்கு ஈடில்லை.

5,328 மீட்டர் உயரத்திலுள்ள டாங்லாங்லாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். அங்கே பையைத் திறந்தபோது ஒரு வேடிக்கை. சிப்ஸ் பாக்கெட்டுகள் பந்து மாதிரி உப்பியிருந்தன. ஷாம்பூ தானாகவே வெளியே வந்து அத்தானின் ஸ்வெட்டரில் குடியேறிவிட்டது. சித்தி கொடுத்த தேங்காய் எண்ணெய் மட்டும் குளிரில் கல்லாக உறைந்து, சொட்டுக்கூடச் சிந்தாமல் சமர்த்தாக இருந்தது. அருவியில் விழுந்த பைகளின் உட்புறம் உலர்ந்தே இருந்ததையும் சொல்ல வேண்டும்.

லேயில் மூன்று நாள். அத்தான் நொண்டியபடியே கடைத்தெருவைச் சுற்றினார். திரும்பும் நாளன்று அக்கா உலர்ந்த ஆப்ரிகாட் பழம் மூன்று கிலோ வாங்கிக் கொண்டு வந்து, இரண்டு பைகளையும் ஒரு முறை பார்த்தாள். அத்தானையும் ஒரு முறை பார்த்தாள். மாலையில் மூவரும் லே தபாலாபீஸில் நின்றோம். சரித்திரப் புத்தகம் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பார்ஸலாகச் சென்னைக்குப் புறப்பட்டது.