கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு ரயில்

கும்மிடிப்பூண்டிக்காரர் தன் மாவட்டக் கலெக்டரைப் பார்க்க ரயிலில் கிளம்பினால் முதலில் சென்னைப் பக்கம் போக வேண்டும். மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, அங்கே அரக்கோணம் மார்க்கத்து வண்டிக்கு மாறி, மறுபடி மேற்கே திருவள்ளூர். இல்லையென்றால் பஸ் மாறி மாறிப் போகலாம். 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்தவர்கள் ரயில் பாதையைப் பார்த்துக் கோடு போடவில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போகும். முதல்வர் உதவி எண் 1100க்குப் போன் போட்டால் நேரம் மட்டும்தான் செலவு.

*

1100 வந்தது 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால். ஆட்சி மாறியது, எண் மாறவில்லை. நம் ஊரில் இது அபூர்வம்தான்.

எடுப்பவர் பெயர் கேட்பார், மாவட்டம், தாலுகா, கிராமம் கேட்பார். கொஞ்ச நேரத்தில் மனு எண் குறுஞ்செய்தியாக வந்துவிடும். "வெச்சுட்டுப் போங்க, பாக்கலாம்" என்று சொல்லி மேசை ஓரம் ஒதுக்கிவைத்த காகிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்தான். அதற்கு நேராக யாராவது ஒரு அதிகாரி ஏதாவது ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும். தப்பான பதிலாக இருந்தாலும் எழுத்தில் இருக்கிறது. அடுத்த மனுவோடு இணைத்து அனுப்பலாம்.

ஒரு கிராமத்தில் தெருவிளக்குக்குப் புகார் கொடுத்தார்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று செய்தி வந்தது. செய்தியைப் படித்துக் காட்டியவர் டார்ச் லைட்டை அடித்துக்கொண்டுதான் படித்தார்.

*

மின்வாரியத்தின் மின்னகம் (94987 94987, 2021 ஜூனில் தொடங்கியது) பற்றி மட்டும் பெரும்பாலும் நல்ல வார்த்தைதான் காதில் விழுகிறது. காரணம் யோசித்துப் பார்த்தேன். கரண்ட் வந்ததா இல்லையா என்பது புகார் கொடுத்தவருக்கே தெரியும். யாரும் கணக்கில் முடித்துவிட முடியாது. 108 ஆம்புலன்சும் அப்படித்தான், வண்டி வாசலில் நிற்க வேண்டும். பட்டா மாறுதல், ஏரி ஆக்கிரமிப்பு, புறம்போக்கு விவகாரம் என்று வந்தால், வேலை முடிந்ததா என்று சொல்லும் உரிமை அலுவலகத்திடமே இருக்கிறது. அங்கே போன் வந்ததால் வேகம் கூடியிருக்கிறது, நியாயம் கூடியதாகத் தெரியவில்லை.

*

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ். விண்ணப்பம் வி.ஏ.ஓ. லாகின், ஆர்.ஐ. லாகின், அப்புறம் தாலுகா ஆபீஸ் என்று நகரும். ஒவ்வொரு ஆளாகத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கிய காலத்தை நினைத்தால் இது பெரிய விடுதலை. சிக்கல் ஓ.டி.பி.யில். பாட்டியின் ஆதாரில் இருப்பது மகன் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். மகன் சூரத்தில், சிம் எங்கேயோ. "நம்பர் மாத்திட்டு வாங்கம்மா" என்கிறார் மையத்துப் பெண். அதற்கும் நேரில்தான் போக வேண்டும், கைரேகை வைக்க.

*

ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரா. எல்லைக் கல் ஒரு இடத்தில் இருக்கிறது, செல்போன் கோபுரத்தின் வீச்சு இன்னொரு இடத்தில் முடிகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே போன் ஆந்திர டவரைப் பிடித்துவிடும். ரோமிங் கட்டணம் போனபிறகு யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் 108 மாதிரிச் சின்ன எண்கள் போன் பிடித்திருக்கும் டவரை வைத்துத்தான் வழி பிரியும். ஆந்திராவில் 2005இலேயே 108 வந்துவிட்டது, நமக்கு 2008இல். இரண்டு பக்கமும் ஒரே எண் என்பதால், எந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறை எடுக்கிறது என்பது மணி அடித்த பிறகுதான் தெரியும். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெலுங்கு புதிதல்ல, பேச்சு ஓடிவிடும். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

*

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசாப் பையன்கள் கையில் நல்ல போன் இருக்கிறது. வீடியோ கால், யு.பி.ஐ. எல்லாம் நம்மைவிட வேகம். ஒரே நாடு ஒரே ரேஷன் 2020 அக்டோபரிலிருந்து இங்கே உண்டு. ரேகை வைத்தால் அரிசி வாங்கலாம். ஆனால் சுவரில் எழுதிவைத்திருக்கும் உதவி எண்கள் பெரும்பாலும் தமிழில்.

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா ரயில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியபோது, இந்தி தெரிந்த குரலின் அருமை இந்த வட்டாரத்துக்கே தெரிந்தது. அதற்கு ஒரு விபத்து வேண்டியிருந்தது.

*

"ராத்திரியிலதான் புகை விடறாங்க" என்பது கும்மிடிப்பூண்டியில் பழைய புகார். காலையில் அதிகாரி வந்து பார்த்தால் வானம் சுத்தமாக இருக்கும். இப்போது அந்தோணி பிள்ளை நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அளக்கும் நிலையம் இருக்கிறது. மத்திய வாரியத்தின் சமீர் செயலியில் அதன் கணக்கைப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கும் அது தூங்காது. எந்தப் புகைபோக்கி என்று சொல்லாதுதான். எந்த நேரம் என்று சொல்கிறதே, புகார் மனுவில் வெறும் மூக்கை மட்டும் சாட்சி வைக்க வேண்டாம்.

*

ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக இறங்கும். அங்கிருந்து தகவல் இங்கே வந்ததும், வருவாய்த்துறை வாட்ஸ்அப் குழுவில் வி.ஏ.ஓ.க்களுக்குப் போய்விடும். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போயிற்று, பின்னாலேயே சிக்னலும் போயிற்று. டவர் பேட்டரி ஓடும் வரைதான் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, 1100, மின்னகம் எல்லாம். அப்புறம் மைக் கட்டிய ஆட்டோதான். மழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தில் மணல் மூட்டை, படகு, ஜே.சி.பி. கணக்கெல்லாம் கேட்கிறார்கள். எந்த டவருக்கு எத்தனை மணி நேர டீசல் இருக்கிறது என்பதையும் கேட்டு, அதையும் கலெக்டர் ஆபீஸ் பலகையில் எழுதி வைக்கலாம்.