மேட்டில் அகப்பட்ட ரயில்

மலேசியாவின் பேராக்கில், எங்கள் வட்டாரத்தில் ரயிலைத் துரத்தியவர்களைக் கணக்கெடுத்தால் முதலிடம் ஒரு யானைக்குத்தான். 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி, தெலுக் ஆன்சன் பாதையில் வந்த ரயிலை ஒரு காட்டு யானை முட்டித் தடம்புரள வைத்தது; அதிலேயே செத்தும் போனது. தன் கூட்டத்தைக் காப்பாற்றப் பாய்ந்தது என்று எழுதி, புதைத்த இடத்தில் பலகை வைத்தார்கள். தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் வரை தண்டவாளம் போட்டது 1893இல். பாதை வந்த அடுத்த வருஷமே யானைக்குப் பொறுக்கவில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டினார்கள். யானைக்குப் பிறகு ரயிலைத் துரத்தியது நாங்கள். நாங்கள் என்றால் எங்கள் தோட்டத்து எழுத்தரான கிராணியார், அவருடைய பெட்டிக் கேமரா, பைக்கின் பின்சீட்டில் நான்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் மேடு என்று சொல்லத்தக்கது பெர்ணாம் ஆற்றங்கரை வரப்பு ஒன்றுதான். கடல்தண்ணீர் உள்ளே ஏறாமலிருக்க வரப்பு, உள்ளே தேங்கும் மழைநீரை வெளியேற்ற வாய்க்கால்கள், வாய்க்காலுக்கு மதகு. அதற்குள் தென்னை, பால்மரம், செம்பனை. ஆற்றுக்கு அக்கரை சிலாங்கூர். சைக்கிளில் எவ்வளவு தூரம் போனாலும் ஏறி மிதிக்கவேண்டிய இடம் வராது. மழை விட்ட சில காலைகளில் கிழக்கே நீலமாக ஒரு கோடு தெரியும். அதுதான் மலை என்று பெரியவர்கள் காட்டுவார்கள். நம்புவதற்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கும்.

ரயில் மட்டும் எங்களுக்குப் புதிதில்லை. பக்கத்திலிருந்த ஜெண்டராட்டா தோட்டத்தில் இடுப்பளவு உயரத்துக்குச் சின்ன வண்டிகள், குறுகிய தண்டவாளத்தில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும். அந்தத் தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனிஷ் என்ஜினியர். ஆப்பிரிக்கப் பண்ணை வாழ்க்கையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற கேரன் பிளிக்சனுக்கு அவர் தாய்மாமன். மருமகளின் காப்பித் தோட்டத்துக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர். தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது என்பது டென்மார்க்கிலும் சரிதான் போலிருக்கிறது. என் ரயில் கதையிலும் ஒரு தாய்மாமன் வருகிறார்.

கிராணியாருக்குப் படம் எடுக்கும் பைத்தியம். அவரிடமிருந்தது கோடக் பிரௌனி. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்துச் சாவியைத் திருகவேண்டும். கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று யார் கூப்பிட்டாலும் போவார். ஆனால் அவர் மனசு முழுக்க ரயில் எஞ்சின்மேல்தான். தெலுக் ஆன்சன் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று ஓடும் ரயிலை எடுத்துப் பார்த்தார். கழுவி வந்த படத்தில் தென்னைமரம் தெளிவாக இருந்தது. ரயில் இருந்த இடத்தில் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி ஒரு தீற்றல்.

குற்றம் அவருடையது இல்லை, பெட்டியுடையது. அந்த வகைக் கேமராவின் கதவு வினாடியில் முப்பதில், ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாற்பது மைல் வேகத்தில் போகும் எஞ்சின் அந்த நேரத்துக்குள் ஒரு முழம் நகர்ந்துவிடும். நிற்கிற எஞ்சினை எடுக்கலாம். அதில் என்ன இருக்கிறது? ஓடவும் வேண்டும், மெல்ல ஓடவும் வேண்டும், அதேசமயம் முழு மூச்சில் புகை கக்கவும் வேண்டும். மூன்றும் சேர்ந்து நடக்கும் இடம் மலை ஏற்றம் ஒன்றுதான். தட்டையான எங்கள் சீமையில் நின்றுகொண்டு அவர் இதைக் கண்டுபிடித்தபோது, என் சின்ன மாமா பாடாங் ரெங்காஸ் ரயில்வே லயத்தில் இருக்கிறார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் தனி மரியாதை.

அது 1960களின் நடுப்பகுதி. விரைவு வண்டிகளுக்கு டீசல் வந்துவிட்டது. சரக்கு வண்டிகளில் பலவற்றை இன்னும் கரி எஞ்சின்தான் இழுத்தது. கரி எஞ்சின் என்பது பேச்சுக்குத்தான். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தை 1960இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே எண்ணெய் ஊற்றி எரிக்கும்படி மாற்றிய எஞ்சின்கள் நிறைய. பெயர் மட்டும் மாறவில்லை.

எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்து தெலுக் ஆன்சன், அங்கிருந்து கிளை ரயிலில் தாப்பா ரோடு, பிறகு வடக்கே போகும் வண்டி. கம்பார் தாண்டியதும் கிந்தாப் பள்ளத்தாக்கு விரியும். ஈயம் தோண்டிய குளங்கள், வெள்ளை மணல், சுண்ணாம்புப் பாறைகள். முதன்முதலாக மலை எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது அங்கேதான். ஈப்போ ஸ்டேஷனில் ஹப்பேக் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வெள்ளைக் கோபுரங்களுக்குக் கீழே பசியாறுவோம். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் காராய், அங்கே பேராக் ஆற்றின்மேல் விக்டோரியா பாலம். 1900ஆம் ஆண்டில் திறந்த பாலம்; செங்கல் தூண்களின்மேல் இரும்புச் சட்டம். கீழே ஆறு கலங்கி ஓடும். கோலாகங்சார் போனதும் கிராணியார் சுருளை எடுத்துக் கேமராவில் மாட்டுவார். அதற்கு முன்னால் மாட்டினால் கை சும்மா இருக்காது என்பார்.

பாடாங் ரெங்காஸில் இறங்கினால் குனோங் போண்டோக் பாறை ஊருக்குக் காவல் நிற்பதுபோல நிமிர்ந்து நிற்கும். அதைத் தாண்டித்தான் புக்கிட் பெராபிட் கணவாய். தைப்பிங்குக்கும் கோலாகங்சாருக்கும் நடுவே மலையைக் குடைந்து, வளைத்து, சுரங்கங்கள் வழியாகப் பாதையைக் கொண்டுபோயிருந்தார்கள். நாட்டின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு எட்டு மைல் ஓடியது. அதற்கு மண் வெட்ட இலங்கையிலிருந்து பயனியர் படையினரைக் கொண்டுவந்தார்கள். அது சமதரை வேலை. தெற்கே போகவேண்டும் என்றால் இந்த மலையைக் கடந்தாகவேண்டும். பாரம் மிஞ்சிய சரக்கு வண்டிக்கு முன்னால் ஒரு எஞ்சின் போதாது. பின்னால் இன்னொன்று முட்டுக்கொடுக்கும்.

சின்ன மாமா தண்டவாளம் பார்க்கும் கும்பலில் இருந்தார். சுத்தியலும் சாவியும் தோளில் வைத்துக்கொண்டு தினமும் பாதையை நடந்து பார்க்கிற வேலை. எந்த வளைவில் எஞ்சின் திணறும், எந்தச் சுரங்க வாயிலில் புகை கீழே அடிக்கும், எந்த நேரத்துக்கு வெயில் மலைக்கு இந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்றையும் கடன் வாங்கி வைத்திருப்பார்.

"மாப்ளே, மெயிலுக்கு வழிவிட்டு சரக்கு இங்க நிக்கும். ஒத்த லைனுதானே. மெயில் போனாத்தான் இதுக்குக் கைகாட்டி விழும். அதுக்குள்ள நீங்க மேல போயிடணும்."

"போயிட்டா எங்க நிக்கிறது மாமா?"

"ரெண்டாவது வளைவு. கல்வெர்ட்டு இருக்கும். ரோட்டுல நில்லுங்க, லைன்ல இறங்காதீங்க. கிராணியாரே, உங்களுக்குத்தான் சொல்றேன்."

ரோடும் தண்டவாளமும் ஒரே கணவாய்க்குள்தான் நுழையும். கிராணியார் வண்டியை முடுக்குவார். நான் கேமராப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். டுரியான் பருவத்தில் சாலையோரக் கடைக்காரர்கள் எங்களை நிறுத்தப் பார்ப்பார்கள். வளைவில் நின்று, எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுப்போம். முதலில் எதுவும் கேட்காது. பிறகு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு வாங்குகிற சத்தம்.

அந்த மூச்சுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவை 56ஆம் வகுப்பு எஞ்சின்கள், 1938 முதல் கிளாஸ்கோவில் கட்டி வந்தவை. மலாயாவின் ஊர்ப்பெயர்களைப் பித்தளைப் பலகையில் சுமந்தவை. சாதாரண எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர், சக்கரம் ஒருமுறை சுழன்றால் நாலு மூச்சு. இவற்றுக்கு மூன்று சிலிண்டர், ஆறு மூச்சு. அதனால் சத்தம் அடுத்தடுத்து நெருக்கமாக வரும். சமதரையில் அது கலந்து இரைச்சலாகிவிடும். ஏற்றத்தில்தான் ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாக எண்ணலாம். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டால் கிராணியார் புன்னகைப்பார். வேகம் குறைகிறது, படம் விழும்.

எஞ்சின் வளைவில் மூக்கை நீட்டும்போது நேர் எதிரே நிற்கவேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் மங்கும். முகத்துக்கு நேரே எடுத்தால் அசைவு தெரியாது. அந்த ஏற்றத்தில் பெட்டியின் கதவு திறந்து மூடுவதற்குள் எஞ்சின் நகர்வது நாலு விரற்கடைதான். ஒரு சொடுக்கு. அவ்வளவுதான் கேமராவின் வேலை. அடுத்த நிமிஷம் பைக்கில் ஏறி அடுத்த வளைவுக்குப் பறப்போம். ரயிலை முந்துவோம், மறுபடி நிற்போம், மறுபடி முந்துவோம். டிரைவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு ஊதல் கொடுப்பார். சுரங்கத்துக்குள் கடைசிப் பெட்டி போன பிறகும் வாயிலிலிருந்து புகை வந்துகொண்டேயிருக்கும். பல நாள் அதற்குள் மழை பிடித்துவிடும். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். கணவாய் அதன் வாசற்படி.

எல்லாருக்கும் நாங்கள் வேடிக்கையாகத் தோன்றவில்லை. அவசரகாலம் முடிந்தது 1960இல். அதன் பயம் அங்கே அப்போதும் ஆறியிருக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் 1948இல் கம்யூனிஸ்டுகள் தோட்டத் துரைகளைச் சுட்டதில்தான் அது தொடங்கியது. ரயிலுக்கு முன்னால் கவசம் பூட்டிய டிராலி ஓடிய காலத்தை அங்கிருந்தவர்கள் பார்த்திருந்தார்கள். பாலத்தையும் சுரங்கத்தையும் படமெடுக்கிற ஆளை அவர்கள் ஏன் நம்பவேண்டும்? மாமாவின் பெயரைச் சொன்னால்தான் முகம் தளரும். எங்களுக்கு அனுமதிச் சீட்டு அவர்தான்.

கழுவிய படங்களைத் தோட்டத்தில் காட்டும்போது எஞ்சினைப் பார்த்து எல்லாரும் வாய் பிளப்பார்கள். ஒரு பெரியவர் மட்டும் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எஞ்சினை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கீழே பார்த்தார். "கட்டை எந்த மரம்டா? ஒத்தக் கட்டைக்கு எத்தனை ஆள் போட்டாங்க?" என்று கேட்டார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வந்தவர் அவர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை தூக்கியவர். மலாயாவிலிருந்து ஆட்களோடு எஞ்சின்களையும் அங்கே கொண்டுபோயிருந்தார்கள். எஞ்சின் மலை ஏறுவதை நாங்கள் அழகு என்று பார்த்தோம்; அப்படியொரு மேட்டில் கட்டையைச் சுமந்தவருக்கு முதலில் கட்டைதான் தெரிந்தது. அதன்பிறகு கிராணியார் சுருளில் ஒரு படத்தை மாமாவின் கும்பலுக்கு ஒதுக்கினார். அவர்களை அசையாமல் நிற்க வைப்பதுதான் எஞ்சினைவிடப் பெரும்பாடாக இருந்தது.

டீசல் எஞ்சின்கள் 1957 முதல் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பூக்களின் பெயர் வைத்தார்கள். முதல் எஞ்சினுக்குச் செம்பருத்தி, அதாவது புங்கா ராயா. பூப்பெயர் தாங்கியவை மேட்டில் திணறவில்லை, அதனால் எங்களுக்கு அவற்றில் வேலையில்லை. 1970களின் தொடக்கத்தோடு கணவாயில் புகை அடங்கியது. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது; அந்தப் பத்தாண்டின் கடைசியில் எங்கள் கிளைப் பாதையையும் மூடினார்கள்.

பல வருஷம் கழித்துத் தமிழ்நாட்டுக்குப் போனபோது மேட்டுப்பாளையத்தில் உதகைக்குப் போகும் காலை ரயிலில் ஏறினேன். கல்லாறுக்கு மேலே பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம்; பெராபிட் அதற்கு முன்னால் வாய்க்கால் வரப்புதான். தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் கொடியோடு ஒரு பிரேக்காரர். 1899இல் குன்னூர் வரை, 1908இல் உதகை வரை போன பாதை. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது கேமராவோடு குதித்தவர்கள் எல்லார் கையிலும் வினாடியை ஆயிரம் துண்டாக்கும் கருவிகள். அவர்களுக்கு மேடு தேவையில்லை. ஆனாலும் மேட்டுக்குத்தான் வந்திருந்தார்கள். கிராணியார் கண்டுபிடித்தது பெட்டியைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை என்று அப்போது தெரிந்தது. சிரமப்படும்போதுதான் ஒரு எஞ்சின் தான் என்ன செய்கிறது என்பதைக் காட்டுகிறது.

இன்று பெராபிட் மலைக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் இரட்டைச் சுரங்கம். மின்சார ரயில் மலையை உணராமலே கடந்துவிடுகிறது. பயணிகள் தொலைபேசியிலிருந்து தலை தூக்குவதற்குள் மறுபக்கம் வந்துவிடும். விக்டோரியா பாலத்துக்கு 2002இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கல்யாண ஜோடிகள் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ரயில் போய்விட்டது என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும்போது மட்டும் நான் மறுப்பேன். ஜெண்டராட்டாவில் அந்தச் சின்ன வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. குலை அடிபடாமல் ஆலைக்குப் போய்ச்சேரும் என்பதால் லாரி வந்த பிறகும் தண்டவாளத்தை விடவில்லை. எட்டுப் படச் சுருளில் ஒன்றைத் தினமும் பார்க்கிற வண்டிக்குச் செலவழிக்க அந்தக் காலத்தில் எவருக்கும் மனசு வராது. அதனால் அதன் பழைய படம் ஒரு வீட்டிலும் கிடையாது. இப்போது படத்துக்குக் காசில்லை. கேமரா இல்லாத பையும் இல்லை. பஸ் ஏறி மலைக்குப் போகவேண்டாம், பைக்கில் துரத்தவும் வேண்டாம். ஆபீசில் அனுமதி கேட்டுக்கொண்டு லயத்துப் பிள்ளைகள் தண்டவாளத்தோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், வண்டி தானாக வரும். எடுக்கும்போது அதை ஓட்டுகிறவரையும் சேர்த்து எடுங்கள். அவர் பெயரைக் கேட்டுப் படத்துக்குப் பின்னால் எழுதி வையுங்கள்.