குதிரை வாங்கப் போன வழியில்

வானொலிப் படைப்பாளர்களுக்கு மௌனம் என்றாலே பயம். நேரலையில் ஐந்து நொடி சத்தமில்லாமல் போனால் போதும், அலுவலகத்தில் எல்லார் முகமும் மாறிவிடும். அப்படிப்பட்ட நான் கடவுளிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று வாரம் பதிலில்லாமல் காத்திருந்தேன்.

பத்து ஆண்டுகளாக எனக்கு அதிகாலை நிகழ்ச்சிதான். சென்ற ஆண்டு, ஒரு நிறுவனத்தின் தொடர்புத் துறையில் வேலை கிடைத்தது. சம்பளம் கூடுதல், வேலை தொடங்குவதோ காலை ஒன்பதுக்கு. வீட்டுக் கடனும் அப்பாவின் மருந்துச் செலவும் உள்ள குடும்பத்தில் இதற்கு யோசனையே தேவையில்லை. ஆனால் நான் எதற்காகப் பிறந்தேன் என்ற பெரிய கேள்வியும் அந்தக் கடிதத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

"பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றார் அம்மா. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சன்னதியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டு திருமணங்கள் அப்படித்தான் முடிவாயின. (இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன்.) எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இருப்பது இரண்டு பொட்டலம். கடவுளுக்குச் சொல்ல வேண்டியது அதைவிடக் கூடுதலாக இருந்தால் என்ன செய்வார்?

அந்த நாள்களில் மாணிக்கவாசகர் அடிக்கடி நினைவுக்கு வந்தார். பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட அமைச்சர், வழியில் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார் என்பது திருவிளையாடல் கதை. நரி பரியான பிற்பகுதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது முற்பகுதி. அவர் யாத்திரை போகவில்லை, அலுவலக வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்.

நானும் என் வேலை நாள்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன்.

ஜோகூர் பாருவிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் நேயர் ஒருவர் நிகழ்ச்சிக்கு அழைத்தார். பாட்டு கேட்கவில்லை. "தங்கச்சி, நேரத்த இன்னும் அடிக்கடி சொல்லுங்க. கடற்பாலத்துல மாட்டிக்கிட்டா, பின்னால உக்காந்திருக்கிறவங்க உங்க குரலக் கேட்டுத்தான் கணக்குப் போடுறாங்க" என்றார். எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே என்றேன். "அதுல பாத்தா பயமா இருக்கு. நீங்க சொன்னா அவ்வளவா இல்ல." பல்கலைக்கழகத்தில் நேயர்களை வயதுவாரியாகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இப்படி ஒரு பிரிவு அதில் இல்லை.

அடுத்த வாரம், எங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி பலதுறை மருந்தகக் கடிதத்தை நீட்டினார். ஆங்கிலக் கடிதம். தமிழில் சொன்னேன். "ரேடியோவுல பேசுற மாதிரி மெதுவா இன்னொரு தரம் சொல்லும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டார். பரிசோதனைக்கு முன் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை மங்கும், துணைக்கு ஒருவர் வர வேண்டும். இவ்வளவுதான் செய்தி. முதல் முறை நடுங்கிக்கொண்டிருந்த கை, இரண்டாவது முறை சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. "துணைக்கு யார் வருவா?" என்றார். நான் போனேன்.

அதே வாரம் சளி பிடித்து மூன்று நாள் எனக்குக் குரலே வரவில்லை. "இதுதாம்மா அடையாளம், கிளம்பு!" என்று நண்பர் கேலி செய்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. விருப்பத்துக்கு ஏற்ற அடையாளங்களை மட்டும் பொறுக்கிக்கொள்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சளி யாருக்கும் பிடிக்கும். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், பதற்றமான செய்தியைப் பதறாமல் சொல்லும் குரலை என்னிடம் கேட்டார்கள். அப்படி ஒன்று என்னிடம் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. கேட்டவர் கடவுள் என்றே எடுத்துக்கொண்டேன்.

வேலைக்கு வரவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அந்தச் சம்பளம் வந்திருந்தால் வீட்டுக் கடன் சில ஆண்டுகள் முன்னதாகவே முடிந்திருக்கும். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, அம்மாவுக்கு என்னைவிடக் கூடுதலாக.

பாட்டி இப்போது தோழிகளின் கடிதங்களையும் கொண்டுவருகிறார். சென்ற சனிக்கிழமை மட்டும் நான்கு. மூன்று மருந்தகத்திலிருந்து வந்தவை, ஒன்று மின்கட்டண ரசீது. அதையும் மெதுவாகத்தான் படிக்கச் சொன்னார்கள்.