அடித்தல் திருத்தல்

காரைக்காலில் 38 வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். கிரையமோ தானமோ விடுதலையோ, அரைக்குழி மனையானாலும் ஒரு வாசகம் கையிலிருந்து தானாக வந்துவிடும்: ‘பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி, நல்ல நினைவுடன், முழு மனதுடன் சம்மதித்து’. காது கேட்காத கிழவி கைநாட்டு வைக்க வந்தால் அந்த வரியை அவள் காதருகே குனிந்து இரண்டு தடவை படித்துக் காட்டுவேன். மகன்காரன் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்றால் அவனை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்பேன். தொழிலில் நான் அப்படி.

1984இல் எனக்கு 21 வயது. பாரதியார் சாலையில் ஒரு சைக்கிள் கடை வாசல்தான் எங்கள் ஜமா. சிநேகிதன் ஒருவனுக்குக் காலை பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்மேல் கண். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் கடிதத்தை எழுதியது நான். அவனுக்குக் கால் நடுங்கியது என்று கொண்டுபோனதும் நான். அவர் கடிதத்தைத் தொடவில்லை. ஒரு கையில் குடை, மறு கையில் டிபன் பாக்ஸ். குடைக்காம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கியிருந்தார். “வேணாம்ணே. அவர்கிட்ட சொல்லிடுங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாங்க.” அவ்வளவுதான் சொன்னார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

கடை வாசலுக்குத் திரும்பி வந்து நான் சொன்னது: “யோசிச்சு சொல்றேன்னுச்சுடா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? சிநேகிதன் முகம் வாடுவதைப் பார்க்க மனசில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். உள்ளதைச் சொன்னால் கதை அன்றைக்கே முடிந்துவிடும்; எங்கள் ஜமாவுக்கு அப்புறம் பேச என்ன இருக்கிறது? பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட இல்லை. நாங்கள் பார்த்து வளர்ந்த படங்களில் இடைவேளைக்கு முன்னால் ‘மாட்டேன்’, இடைவேளைக்குப் பின்னால் டூயட். பெண் ‘வேணாம்’ என்றால் அது பதில் இல்லை, பதிலுக்கு முன்னால் வரும் பிகு என்றுதான் நினைத்தோம்.

என் வார்த்தையை நம்பி அவன் எட்டு மாசம் அவர் பின்னாலேயே போனான். பஸ் நிறுத்தம், கோயில் வாசல், டைப்ரைட்டிங் கிளாஸ். சில நாள் கூட நானும் போனேன். விஷயம் அவருடைய அப்பா காதுக்குப் போனது. அந்தப் பெண் சொன்னபடியே படிப்பு நின்றது, அடுத்த ஆவணியில் கல்யாணம். அன்றைக்கு ராத்திரி நான் என் காசில் பிராந்தி வாங்கிக்கொடுத்து அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் பிறகு இதை மறந்தேவிட்டேன். மறக்க முடிந்தது என்பதையும் குற்றக்கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

2012 தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 14. வினோதினி, 23 வயது, சென்னையில் சாப்ட்வேர் வேலை. பண்டிகைக்குக் காரைக்காலுக்கு வந்துவிட்டு, அன்றிரவு சென்னை பஸ் ஏற அப்பாவோடு கிளம்பிய பெண்ணின் முகத்தில் ஆசிட் ஊற்றினான் ஒருவன். கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு, மறுக்கப்பட்டவன். இரண்டு கண்ணும் போயின. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் மூன்று மாசம் போராடி 2013 பிப்ரவரி 12 அன்று இறந்தார். ஆகஸ்டில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது காரைக்கால் கோர்ட்டு.

பேப்பரில் ‘ஒருதலைக் காதல்’ என்று போட்டிருந்தார்கள். நான் என் கடையில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சொன்னேன்: “ஒண்ணும் இல்லாமலா ஒருத்தன் இப்படிப் பண்ணுவான்? பொண்ணு என்ன சொல்லிவச்சிருந்துச்சோ.” சாட்சிக் கையெழுத்துக்கு வந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். 2013 டிசம்பரில், தில்லி பஸ் கொடுமை நடந்து ஒரு வருஷம் ஆனபிறகு, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, வெளியூரிலிருந்து இங்கே வந்த ஒரு இளம்பெண்ணைக் கும்பலாகச் சேர்ந்து சீரழித்தார்கள். அப்போதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “ராத்திரி நேரத்துல இங்க என்ன வேலை?” என்று கேட்டேன்.

என் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் பொங்கலோடு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டது. சம்பளப் பாக்கி வாங்க அதன் அம்மாதான் வந்தார். ஒருத்தன் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வருகிறானாம். “சார்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்துச்சு. நீங்க பேசினதக் கேட்டப்புறம் வேணாம்னுடுச்சு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

குடையும் வெளுத்த விரல்களும் ஏறக்குறைய 30 வருஷம் கழித்து அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தன.

சட்டப் புத்தகம் புரட்டுவது என் தொழிலில் பாதி. தில்லிக் கொடுமைக்குப் பின் போட்ட வர்மா கமிட்டியைத் தொடர்ந்து 2013இல் வந்த குற்றவியல் சட்டத் திருத்தத்தை எடுத்துப் படித்தேன். தனக்கு விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்பு கொள்ள முயல்வது குற்றம். அப்போதைய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு, முதல் தடவைக்கு மூன்று வருஷம் வரை சிறை. 1984இல் அந்தப் பிரிவு கிடையாது. இருந்திருந்தால் என் சிநேகிதன் முதல் எதிரி, நான் இரண்டாவது. இல்லை, அவனுக்காவது ‘வேணாம்’ என்ற சொல் காதில் விழவில்லை. கேட்டவன் நான் ஒருவன்தான்.

அதே திருத்தம், உடம்பால் எதிர்க்கவில்லை என்பதாலேயே அது சம்மதமாகிவிடாது என்றும் எழுதிவைத்தது. இதை எழுத ஏன் இத்தனை காலம் என்று பார்த்தால் மதுரா வழக்கில் போய் நிற்கிறது. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள் பழங்குடிப் பெண்ணுக்கு நடந்த கொடுமை. காயம் இல்லை, கூச்சல் இல்லை என்று சொல்லிப் போலீஸ்காரர்களை 1978இல் விட்டுவிட்டது சுப்ரீம் கோர்ட்டு. வற்புறுத்தி எழுதி வாங்கிய பத்திரத்தை, எழுதிக்கொடுத்தவர் நினைத்தால் செல்லாததாக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டம் 1872இலேயே சொல்லியாகிவிட்டது. கிழவியின் மனைக்கு நான் பார்த்த பதவிசு அந்தச் சட்டம் கற்றுக்கொடுத்தது. பலாத்காரச் சட்டத்திலோ மனைவி விஷயத்தில் இன்றைக்கும் புருஷனுக்கு விலக்கு இருக்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். என் வீட்டில் ‘மௌனம் சம்மதம்’ என்று எத்தனை வருஷம் ஓட்டினேன் என்பதை என் மனைவியைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.

அந்தப் பேருந்து நிறுத்தத்துப் பெண் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார். நாகூர்ப் பக்கம் என்று கேள்வி. போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒருநாள் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் கூப்பிடாமல் அவர் வாசலில் போய் நிற்பது எனக்குப் புதிதா என்ன? சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டேன்.

பத்திரத்தின் முடிவில் எத்தனை இடத்தில் அடித்தல், எத்தனை இடத்தில் திருத்தல் என்று குறிப்பது வழக்கம். எனவே குறிக்கிறேன். 1984இல் காரைக்கால் பாரதியார் சாலையில் அந்தப் பெண் என்னிடம் சொன்னது ‘வேணாம்ணே’. ‘யோசிச்சு சொல்றேன்’ என்று திருத்தியது நான்.