அட்டையில் இல்லாத பெயர்

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அவர் கட்டிய எந்த வீட்டிலும் அவர் பெயர் கிடையாது.

வில்லியம் மெக்கில்லிவ்ரே என்ற ஸ்காட்லாந்துப் பறவையியலாளரைப் பற்றிப் படித்தபோது அப்பா ஞாபகம்தான் வந்தது. 1819-ல் மியூசியத்துப் பறவைகளைப் பார்க்க அபர்டீனிலிருந்து லண்டனுக்கு நடந்தே போனவர் அவர். 1830-களில் அமெரிக்க ஓவியர் ஆடுபன் எழுதிய பறவை நூலின் நடையைத் திருத்தி, அறிவியல் விவரங்களும் சேர்த்துக் கொடுத்தார். அட்டையிலோ ஆடுபன் பெயர் மட்டும்! மனுஷன் சோர்ந்துவிடவில்லை. பிரிட்டிஷ் பறவைகளின் வரலாற்றை ஐந்து பாகங்களாகத் தன் பெயரிலேயே எழுதினார். 1837-ல் முதல் பாகம். கடைசிப் பாகம் வந்த 1852-லேயே காலமானார்.

டிராயிங் ஷீட்டில் பெயர் எழுதும்போது இனிஷியலை இப்பல்லாம் கொஞ்சம் பெரிசாவே போடறேன். அது அப்பா!